தோதான இடம்

"திருப்பரங்குன்றம்தான் உனக்குத் தோது, அண்ணே" என்றான் முத்திருளன். அண்ணன் தண்ணீர் குடித்த செம்பை இன்னும் கீழே வைக்கக்கூட இல்லை.

அண்ணன் மொக்கையன் உசிலம்பட்டிக்கு மேற்கேயிருந்து துணி மூட்டையும் கையுமாக வந்திருந்தான். மறுநாள் விடியலில் அழகர் வைகையில் இறங்குகிறார். நாற்பது வயதாகியும் அதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, இந்த வருஷம் பார்த்தே தீர்வது என்று கிளம்பிவிட்டதாகச் சொன்னான். தம்பி குடியிருக்கும் வடக்கு மாசி வீதியிலிருந்து ஆற்றுக்குக் கால்மணி நேர நடை. சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூட இங்கே தங்குவதுதான் தோது என்று சொல்லும்.

முத்திருளன் வேறு விதமாகச் சொன்னான். மாசி வீதிகளில் கூட்டம் மூச்சு முட்டுகிறது. ஆற்றோரத் தெருக்களில் காலரா என்று பேச்சு அடிபடுகிறது. திருப்பரங்குன்றம் என்றால் மலைக்காற்று, பொய்கைத் தண்ணீர், கோயில் வாசலிலேயே சத்திரம். ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்.

சொல்லச் சொல்ல அவனுக்கே அந்த ஊர் பிடித்துப்போயிற்று.

சொல்லாத காரணம் ஒன்றே ஒன்று. மொக்கையன் வெள்ளைக்காரன் போட்ட கைரேகைச் சட்டத்தில் பதிவானவன். திருடியிருக்க வேண்டும் என்பதில்லை, சட்டம் குறித்து வைத்த சாதியில் ஆணாகப் பிறந்திருந்தால் போதும். ஊரைவிட்டு ஓர் இரவு வெளியே தங்குவதென்றாலும் மணியக்காரரிடம் சீட்டு வாங்க வேண்டும். தங்கும் இடத்துக்கு ராத்திரி போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டி, ஆள் இருக்கிறானா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்.

முத்திருளன் பத்து வயதில் பள்ளிக்கூட விடுதிக்கு வந்து, ரேகை வைக்காமல் தப்பினவன். இப்போது ஜவுளிக்கடையில் ரைட்டர். முன்கட்டில் இருக்கும் வீட்டுக்காரர்தான் கடைக்கும் முதலாளி. அவருக்கு இவன் பெயர் முத்தையா, சொந்த ஊர் திருமங்கலம். அந்தக் கதவு ஒரு தட்டு தட்டப்பட்டால் வீடும் போச்சு, வேலையும் போச்சு.

அவன் மனைவி செல்லத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பொய்கைத் தண்ணி அம்புட்டு நல்லா இருக்குன்னா, நம்மளும் அங்கயே குடி போயிருவமா?"

முத்திருளன் அவளை முறைத்தான். மொக்கையன் சிரித்துவிட்டான்.

"விடு தாயி. ரைட்டரு நாலு எடம் பாத்தவன். அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் முத்திருளன் கோபப்பட்டிருப்பான். கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அண்ணன் சாப்பிட்டான். தம்பி மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தான். வெயில் தாழ்ந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டான்.

முத்திருளன் ரயிலடி வரை கூடப் போனான். வழியனுப்ப என்று மனைவியிடம் சொன்னான். ரயிலில் ஏறிவிட்டானா என்று பார்க்கத்தான் போகிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

மேல மாசி வீதி முக்கில் ஏட்டு ஒருவர் நின்றிருந்தார். மேற்கேயிருந்து வருகிறவர்களை மூட்டை கட்டியிருக்கும் விதத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் ஆள் போலிருக்கிறது. மொக்கையனைப் பார்த்து விரலை அசைத்தார்.

முத்திருளனின் கால்கள் அவனைக் கேட்காமலே பின்வாங்கின. பக்கத்து வளையல் கடையில் போய் நின்று, ஒரு டஜன் பச்சை வளையலைக் கையில் எடுத்தான். காது மட்டும் இங்கேயே இருந்தது.

ஏட்டு சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். பேர், தகப்பன் பேர், ஊர். அப்புறம், "தங்கும் இடம், திருப்பரங்குன்றம் சத்திரம். தேதி, முந்தாநாள்."

வளையல்கள் கையில் அப்படியே நின்றன. தங்கும் இடத்தைச் சொல்லித்தான் சீட்டே வாங்க முடியும் என்பது, சீட்டு வாங்கியே பழகாத அவனுக்கு இத்தனை நாளாகத் தெரியாது.

"எதுக்குய்யா வந்த?" என்று கேட்டார் ஏட்டு.

அழகரைப் பார்க்க என்றான் மொக்கையன்.

"நல்லா பாத்த போ. அங்க விடிஞ்சு போலீஸ் ஸ்டேஷன்ல ஆஜர் குடுத்துட்டு நீ கெளம்புறதுக்குள்ள அழகர் ஆத்துல எறங்கி முடிச்சிருவாரு. அதுகூடத் தெரியாமயா வந்த?"

தெரியும் என்பதுபோல மொக்கையன் தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சுக்கிட்டா இப்பிடிச் செஞ்ச? டவுனுக்குள்ள ஒரு சொந்தக்காரன் வீட்டச் சொல்லி எழுதி வாங்குறதுக்கு என்னய்யா?"

மொக்கையன் வளையல் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

"மருதைல நமக்குச் சொந்தம்னு யாரும் இல்லிங்க, ஏட்டய்யா."