ஒரு சுற்றுக்கு ஒன்னே முக்கால்

மலேசிய எஃகுத் தொழிலின் எதிர்காலம் அன்று காலை ஜுருவில், பழனியப்பனின் லேத் பட்டறையில் முடிவாக இருந்தது. அப்படித்தான் அவர் அறிவித்தார்.

"இதுக்கு முன்னால வந்த மூணு பேரும் ஃபெயில், தம்பி. டூலை நகர்த்துற லீட் ஸ்குரூவுல இஞ்சுக்கு நாலு மரை. எனக்குப் பதினாறு மரை வெட்டணும். என்ன கியர் போடுவ?"

குகன் வியர்வையைத் துடைத்தான். இவரிடம் தோற்றால் அவனுக்கு வேறு வழியே இல்லை.

"இருபது பல்லுக்கு எண்பது பல்லு, அங்கிள்."

பழனியப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பன்னிரண்டு மில்லி போல்ட்டு. மரை இடைவெளி ஒன்னே முக்கால் மில்லி. ஃபீட் எவ்வளவு வைப்ப?"

"அதே ஒன்னே முக்கால்தான். மாட்டின இரும்பு ஒரு சுத்து சுத்தினா டூல் ஒரு மரை நகரணும்லா."

"நவமணி, இவன்தான்டி!"

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "பொண்ணு பார்க்க வந்த பையன இப்படியா நிக்க வச்சுக் கேப்பீங்க? கேசரி ஆறிப்போச்சு."

"பொண்ணு என்ன, பட்டறையையே கொடுக்கிறேன்" என்று பழனியப்பன் குகனைக் கட்டிக்கொண்டார்.

குகன் லேத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அப்பாவுக்குக் கேட்கத் தெரிந்தவை இந்த இரண்டு கேள்விகள்தான் என்று, விடைகளோடு, மகள் ஷர்மினி போன வாரமே அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.