யாரும் திறக்காத அறை

"அந்த ரூமைத் தூக்கிடலாம்" என்றான் ஆந்தை.

மீட்டிங்கில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் நிமிர்ந்தாள்.

ஒரே வீடியோ கேமைப் பாகம் பாகமாக வெளியிட்டே பிழைக்கிற கம்பெனி அது. கேமுக்குள் வரும் தெரு, வீடு, கோட்டையெல்லாம் கட்டுவது அவள் வேலை. அதனால் மேஸ்திரி. விளையாடுகிறவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று பதிவுகளை ஓடவிட்டு முழித்துக்கொண்டிருப்பது அவன் வேலை. அதனால் ஆந்தை.

"எந்த ரூம்?" என்றார் டைரக்டர்.

"மீன் மார்க்கெட் சுவருக்குப் பின்னாடி மேஸ்திரி ஒளிச்சு வச்சிருக்காங்களே, அது சார். பாலத்துக்கு அடியில தொப்பி போட்ட தவளையை ஒளிச்சோம், கண்டுபிடிச்சுட்டாங்க. கல்லறையில நம்ம பேரையெல்லாம் செதுக்கினோம், அதையும் தோண்டி எடுத்துட்டாங்க. இந்த ரூமுக்குள்ள மட்டும் ஒரு ஈ காக்கா போகலை. புதுப் பாகத்துல எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?"

"ஈ காக்காவுக்காகவா கட்டினேன்?" மேஸ்திரி எழுந்தேவிட்டாள். "என் தம்பிக்காகக் கட்டினேன்!"

அந்தக் கதை ஆபீஸுக்கே தெரியும். முதல் பாகம் வந்தபோது அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மீன் மார்க்கெட் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எழுந்து, முதுகைக் காட்டி நின்றால் ரகசியக் கதவு திறக்கும் என்று தம்பி சாதிப்பான். கதவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் தினமும் செய்து பார்ப்பான்.

அப்புறம் ஒருநாள் வீட்டை விட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

அவள் படித்து, அதே கம்பெனியில் சேர்ந்து, வேலை கைக்கு வந்ததும் முதலில் செய்தது, அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்ததுதான். உட்கார்ந்து, எழுந்து, முதுகைக் காட்டினால் திறக்கும். உள்ளே அவர்கள் இருவரும் வளர்ந்த அறை, அச்சு அசலாக. மேஜைமேல் அவளுடைய போன் நம்பர். பாகத்துக்குப் பாகம் அந்த அறையை விடாமல் கொண்டுவந்தாள்.

கேட்டால் கல்லும் கரையும். ஆந்தை கரையவில்லை.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று டைரக்டர் நழுவிக்கொண்டார்.

காப்பி மெஷின் பக்கத்தில் அவனைப் பிடித்தாள் மேஸ்திரி.

"உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க."

"அப்புறம் எப்படி வாய் வருது? எங்கேயோ ஒரு மூலையில உட்கார்ந்து அவன் இந்த கேமைத்தான் விளையாடிட்டு இருப்பான். எனக்குத் தெரியும்."

ஆந்தை காப்பியைக் கலக்கினான். சர்க்கரை போடாத காப்பியை எதற்குக் கலக்குகிறான் என்று அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"சரி, ரூம் இருக்கட்டும்" என்றான். "கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு பெல்ட் தொங்குதே, அதை மட்டும் எடுத்துடு."

"அது எங்கப்பா பெல்ட்."

"தெரியும். எடுத்துடு."

"என்ன தெரியும் உனக்கு? ஜன்னல்ல உடைஞ்ச கொக்கி, அலமாரியில அவன் ஒட்டின ஸ்டிக்கர், எல்லாமே இருந்தபடி வச்சிருக்கேன். ஒண்ணை எடுத்தாலும் அது எங்க ரூமே இல்ல. அவன் எப்படி நம்புவான்?"

"அது பிள்ளைங்க ரூம். அங்க எதுக்கு அப்பா பெல்ட்?"

அவள் ஒரு கப்பை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

"அவன் கொஞ்சம் வாலு. அப்பா எப்பவாவது ரெண்டு போடுவாரு. எந்த வீட்ல இல்ல? என்னை ஒருநாள்கூடத் தொட்டதில்ல தெரியுமா? இப்பவும் அவன் பேரை எடுத்தா அழுதுடுவாரு மனுஷன்."

"தம்பி கிடைச்சுட்டா என்ன பண்ணுவே?"

"இதென்ன கேள்வி? காதைப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போவேன். அப்பா வாசல்லயே நிப்பாரு."

ஆந்தை காப்பியை அப்படியே தொட்டியில் கொட்டினான்.

"அந்த ரூம்ல கை வச்சே, நான் வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். "பெல்ட்டும் இருக்கணும். சொல்லிட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆந்தையைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"ஒரு பெல்ட்டுகூட அவன் கண்ணை உறுத்துது பாரு!"

"மனுஷனையே எண்ணிக்கையா பார்க்கிறவனுக்கு வேற எப்படி இருக்கும்?"

அதே நேரத்தில் ஆந்தை தன் இடத்தில் தனியாக உட்கார்ந்து, புதுப் பாகத்தைத் திறந்து, அந்த அறைக்குள் போய், அவளைக் கேட்காமலே பெல்ட்டை அழித்தான். வெறும் ஆணி மிச்சமிருந்தது. அதையும் அழித்தான்.

பிறகு, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு பழைய பதிவை ஓடவிட்டான்.

போன பாகம். பெயர் தெரியாத யாரோ ஒரு ஆட்டக்காரன். கேம் தொடங்கியதும் எங்கும் நிற்காமல் நேராக மீன் மார்க்கெட்டுக்கு ஓடினான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். எழுந்தான். முதுகைக் காட்டினான்.

கதவு திறந்தது.

உள்ளே ஓடினான். அலமாரி ஸ்டிக்கரின் முன்னால் வெகுநேரம் நின்றான். ஜன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். போன் நம்பர் இருந்த மேஜையை நோக்கி நடந்தான்.

அந்த கேமில், திறந்த கதவுகள் சிறிது நேரம் கழித்துத் தாமாகவே சாத்திக்கொள்ளும். சத்தம் கேட்டுத் திரும்பினான். கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கியது.

மேஜைப் பக்கம் அவன் போகவேயில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்தான். கேமை அணைக்கும்வரை வெளியே வரவில்லை.