பீமன் வண்டிக்கு முதல் சோறு

பீமன் வண்டிக்கு முதல் சோறு ரங்கநாதன் வீட்டுச் சோறுதான். நாலு தலைமுறையாக அந்த மரியாதை வேறு வாசலுக்குப் போனதில்லை.

திரௌபதியம்மன் திருவிழாவில், பகாசுரனுக்கென்று வீடுவீடாகச் சோறு வாங்கிப் போகும் அந்த டிராக்டர் இன்றைக்கும் நேரே அவர் வாசலில் வந்து நின்றது. பீம வேடம் கட்டிய பார்த்திபன் டிப்பரில் நின்று, பசி பசி என்று மீசையை முறுக்கினான். தெருவே பானையும் குண்டானுமாகக் காத்திருந்தது.

ரங்கநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குண்டானைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

அதற்குள் வண்டிக்கு முன்னால் ஒரு தட்டு நீண்டது.

காலித் தட்டு.

நீட்டியவள் தர்சிகா. ஏழு வயது. இலங்கையிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம். பிள்ளைகள் அந்தப் படகை வைத்து 'போட்டுப் பொண்ணு' என்று கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். சோறு கொடுக்கிற வண்டி என்று நினைத்து அவளே ஓடிவந்து முதல் ஆளாக நின்றாள்.

படைக்கிற வண்டிக்கு முன்னால் காலித் தட்டா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் அம்மா பதறிப்போய் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். எல்லாக் கண்ணும் ரங்கநாதன்மேல்.

தர்சிகாவும் சுற்றிப் பார்த்தாள். வேறு யார் கையிலும் காலித் தட்டு இல்லை. தன் தட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள்.

யாருக்கும் முதுகு வளையாத ரங்கநாதன் குனிந்தார். தட்டை வாங்கிக்கொண்டு அகப்பையை அவள் கையில் கொடுத்தார். அவளைத் தூக்கி டிப்பரில் நிறுத்தினார்.

"எங்க ஊட்டுச் சோத்த எங்க ஊட்டுப் பொண்ணு போடுது. இன்னா இப்போ?"



பீமன் வழக்கம்போல உறுமிக்கொண்டு குண்டானுக்குள் கையை விட்டான். அகப்பையால் அந்தக் கையில் ஒன்று வைத்தாள் தர்சிகா.

"வரிசையில வாங்கோ."

மூன்று மாதத்தில் தெரு கேட்ட அவளுடைய முதல் பேச்சு.

பீமன் கதாயுதத்தைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, கைகட்டி நின்றான். போட்டுப் பொண்ணு என்றவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நின்றார்கள். இடையில் புகுந்தவனை அகப்பையாலேயே கடைசிக்கு அனுப்பினாள். தெரு வயிறு குலுங்கச் சிரித்தது.

ரேஷன் கடையில்கூட வரிசையில் நின்றறியாத ரங்கநாதன், அவளுடைய தட்டோடு கடைசியில் போய் நின்றார்.

அவர் முறை வந்தது. அகப்பை பாதியில் நின்றது.

"அட்டை இருக்கோ, தாத்தா?"

சட்டையில்லாத மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

தர்சிகா கொஞ்சம் யோசித்தாள். பிறகு குண்டானின் அடிவரை வழித்து, அவருக்கு மட்டும் இரண்டு அகப்பை வைத்தாள்.

"பரவாயில்லை. இல்லாத ஆக்களுக்கும் இங்க இருக்கு."

அட்டை இல்லாமல் எத்தனை வரிசையிலிருந்து அந்தக் குடும்பம் திரும்பியது என்பது படிக்கட்டில் நின்ற அம்மாவுக்குத்தான் தெரியும்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.