ரொட்டி விளக்கு

"முடியாக்கும் எடுத்திருக்கா! கூட நகம் வேற! ஏட்டி, நீ பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?"

ஜஸ்டஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்டே எழுந்து வந்திருக்கும். நல்லவேளை, அங்கே ஆள் இல்லை. பிரச்சினையே அந்தப் பக்கத்து ஃபிளாட்காரியைப் பற்றித்தான்.

மாலி, தாய்லாந்துக்காரி. அமீரகத்தில் புஜைராவில் ஒரு லேடீஸ் சலூனில் முடி வெட்டுகிறவள். புருஷன் ஹோட்டலில் குக்.

ஜஸ்டஸின் பெண்டாட்டி புஷ்பமேரிக்கு இது ஏழாம் மாசம். குனிந்து கால் நகம் வெட்ட முடியவில்லை. அன்று மதியம் மாலிதான் வந்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து வெட்டிவிட்டாள். அதுவரைக்கும் சந்தோஷம். வெட்டின துண்டுகளை டிஷ்யூவில் பொதிந்தாளே, அதுகூடப் பரவாயில்லை. பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சீப்பில் சிக்கியிருந்த முடியையும் உருவி அதிலேயே வைத்துக்கொண்டாள்.

கண்ணாடி வழியாக அதைப் பார்த்த புஷ்பமேரி ரெண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். ஏற்கெனவே ரெண்டு தடவை தங்காமல் போனது. மூன்றாவது இது.

டெலிபோன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினால், மாமியார் வேறு பயமுறுத்தினாள். "செய்வினைக்குத்தான் முடி எடுப்பாவ. உப்பும் மொளகாயும் சுத்திப் போடு மக்ளே."

"அஞ்சு வருஷமா பிள்ளை இல்லாதவ," என்றான் ஜஸ்டஸ். "ஒன் வயித்தப் பாத்தா எரியத்தானே செய்யும்?"

"அப்படிச் சொல்லாதீங்க. நான் வாந்தியெடுத்துக் கெடந்தப்ப கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவ அவ."

"அதுல என்னத்தக் கலந்தாளோ!"

அந்தக் கஞ்சிதான் அன்றைக்கு அவளை எழுப்பி உட்கார வைத்தது. பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய், பத்துத் தடவை தாங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தவனும் இதே ஜஸ்டஸ்தான். பயம் வந்தால் மனுஷனுக்கு எல்லாம் மறந்து போகிறது, பாருங்கள்.

"இன்னைக்குப் பவுர்ணமி, பீச்சுக்குப் போறேன்னு சொன்னா," என்று புஷ்பமேரி வாயை விட்டுவிட்டாள்.

"பவுர்ணமியா! கேட்டியா? இதுக்கு மேல என்ன வேணும்? செருப்ப மாட்டு!"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. நிலா கடலுக்குள்ளிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. மாலி ஈரமணலில் முட்டி போட்டிருந்தாள். அவள் முன்னால் ரெண்டு வட்ட ரொட்டி. சுற்றிலும் வாழையிலையை இதழ் இதழாக மடித்துக் குத்தி, நடுவில் பூவும் ஊதுபத்தியும் மெழுகுவர்த்தியும் வைத்திருந்தாள்.

மந்திரவாதமேதான்!

ஜஸ்டஸ் விட்டான் ஒரு எத்து. ஒரு ரொட்டி ரெண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து முடியும் நகமும் மணலில் சிதறின.

"மை வைஃப் ஹேர்! வாட் இஸ் திஸ்?"

மாலி பதறி எழுந்தாள். பாதி இங்கிலீஷ், கால் இந்தி, மீதியைக் கையால் பேசுகிறவள் அவள். "பாய், நோ பேட்! டுடே லாய் கிரதோங்! மை கன்ட்ரி ஃபெஸ்டிவல்!"

கையையும் பேச்சையும் சேர்த்து அவர்கள் புரிந்துகொண்டது இதுதான். அந்தக் காலத்தில் அரண்மனைப் பெண் ஒருத்தி வாழையிலையில் தாமரை செய்து, விளக்கேற்றி ஆற்றில் விட்டாளாம். அதிலிருந்து வருஷா வருஷம் இந்தப் பவுர்ணமிக்கு ஊரே விடுகிறது. குடிக்கவும் குளிக்கவும் தந்த தண்ணீர்த் தாய்க்கு நன்றி. அவளை அழுக்காக்கினதற்கு மன்னிப்பு. கூடவே நம் முடியும் நகமும் வைத்துவிட்டால், நம்மைப் பிடித்த கெட்டதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஊரில் வாழைமரத்தை நறுக்கிச் செய்வார்கள். இங்கே மரத்துக்கு எங்கே போக? ரொட்டி என்றால் மீனாவது தின்னும்.

"புஷ்பா டூ டைம் பேபி மாஃபி," என்று ரெண்டு விரலைக் காட்டினாள். "பேட் லக், வாட்டர் டேக், கலாஸ்! ஐ ஆஸ்க், யூ ஜீசஸ் பீப்பிள், யூ ஸே நோ. அதான் நோ ஆஸ்க்." 'மாஃபி' என்றால் இல்லை, 'கலாஸ்' என்றால் தீர்ந்தது; ரெண்டும் இந்த ஊர் அரபு. 'அதான்' மட்டும் புஷ்பமேரியிடம் கற்றுக்கொண்டது.

ஜஸ்டஸ் கடலைப் பார்த்தான். அவன் அப்பா கடலம்மையைத் தொட்டுக் கும்பிடாமல் ஒருநாளும் மீன்பிடிக்க வள்ளம் ஏறினவர் இல்லை.

மாலி குனிந்து மணலிலிருந்து முடியைப் பொறுக்கினாள். உடையாத ரொட்டியின் பூவை விலக்கி, உள்ளேயிருந்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தன் பையில் போட்டாள். அந்த இடத்தில் புஷ்பமேரியின் முடியை வைத்தாள்.

"மாலி, அது யாரோடது?" புஷ்பமேரி பையைக் காட்டிக் கேட்டாள்.

"மை ஹேர்."

"உனக்கு எதுக்கு?"

மாலி தன் ஒட்டின வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். "சேம் சேம். நோ பிராப்ளம். நெக்ஸ்ட் இயர் மூன் கமிங். யுவர் பேபி நோ வெயிட்."

புஷ்பமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதாவே, இப்படி ஒருத்தியையா என் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தாய்!

ஜஸ்டஸ் மெல்லக் கையை நீட்டினான். "மாலி, ஒன் முடியத் தா."

"ஒன் போட், டூ பீப்பிள்?" மாலி தயங்கினாள்.

"எங்கப்பன் வள்ளத்துல ஆறு பேரு போவாவ. இதுல ரெண்டு பேரு போவக்கூடாதாக்கும்?"

மாலிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் பொட்டலத்தைக் கொடுத்தாள். அவனே அதை உள்ளே வைத்தான். அவள் மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.

கரையில் விட்டால் அலை திருப்பித் தள்ளிவிடும் என்று கடல்காரனுக்குத் தெரியாதா? ரொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேண்டு சட்டையோடு இறங்கினான். அலை உடைகிற இடத்தைத் தாண்டி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று மெதுவாக வைத்தான்.

அவன் குரல் கரைவரைக்கும் கேட்டது.

"கடலம்மா, மொதல்ல மாலிக்குக் குடு. எங்களுக்கு அதுக்குப் பொறவு போதும்."