இன்னும் ஒண்ணு இருக்கு

நாளைக் காலை நிலம் கைமாறப் போகிறது. இன்றைக்குப் போய் இராஜாங்கம் அதில் மெஷின் வைத்துத் தேடித் தோண்டினால் ஊர் சும்மா இருக்குமா? வரப்பு முழுக்க ஆட்கள்.

மூன்று ஆட்சி மாறியும் முடியாமல் இழுத்த நில உச்சவரம்பு வழக்கு அது. ஒருவழியாகப் போன மாதம் தீர்ப்பானது. இராஜாங்கத்தின் ஆறு மா நிலம் தெற்குத் தெருவின் நான்கு குடும்பங்களுக்கு. நாளைக்குத் தாசில்தார் வந்து பட்டா கொடுக்கிறார். அதற்கு மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும்.

மெஷின்காரர் கலந்தர், பூம்புகார் கடற்கரையில் குளிக்கிறவர்கள் தொலைக்கும் மோதிரம், கொலுசைத் தேடித் தருகிறவர். நீளக் குச்சியின் முனையில் தட்டு பொருத்திய மெஷின். தரையை ஒட்டி அதை நெடுக்கே ஆட்டிக்கொண்டு போவார். உள்ளே உலோகம் இருந்து மெஷின் கத்தினால் நின்று, அதே இடத்தில் குறுக்கே ஆட்டுவார். இரண்டு தடவையும் எங்கே பலமாகக் கத்துகிறதோ, அங்கே காலால் ஒரு கீறல். அந்த இடத்தில் ஒரு சாண் தோண்டினால் போதும். பக்கத்து மண் கூடக் கலையாது.

தோண்டுவது மட்டும் இராஜாங்கம். அறுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டி, ஊருக்கு முதுகைக் காட்டிக் குந்தி, எடுத்ததை அப்படியே சாக்கில் போட்டுக்கொண்டார். இன்னதென்று யாருக்கும் காட்டவில்லை.

"சாமி சிலையா இருக்கும்."

"சிலைன்னா இத்தனை இடத்துலயா? காசுய்யா. அந்தக் காலத்துக் காசு."

கண்ணால் பார்க்காத பொருளுக்கு வரப்பிலேயே பங்கும் பிரித்து முடித்துவிட்டார்கள்.

பட்டா வாங்கப்போகிற நாலு பேரில் செவ்வந்தியும் ஒருத்தி. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். அவளுக்கு வயிறு எரிந்தது. கொடுக்கிற நிலத்தையும் குடைந்து எடுத்துக்கொண்டுதான் கொடுப்பாரா இந்த மனுஷர்?

அப்போது இராஜாங்கத்தின் குரல் கேட்டது.

"பாய், அந்த ஈசானி மூலையில இன்னும் ஒண்ணு இருக்கு."

"நாலு தடவை பாத்துட்டேங்க. கத்தலை."

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"குண்டூசிய கூட விடாதுங்க இது. இருந்தா கத்தும்."

"இருக்கு பாய். எனக்குத் தெரியும். பாருங்க."

செவ்வந்தி, பக்கத்தில் நின்ற விவசாயச் சங்கத் தலைவர் வீரையனின் தோளைத் தட்டினாள்.

"கவனிச்சீங்களாண்ணே? இருக்கான்னு கேக்கலை, ஒண்ணு இருக்குங்கறாரு. புதைச்சவருக்குத்தானே கணக்கு தெரியும்?"

"அடப்பாவி, கோர்ட்டுக்குத் தெரியாம நகையப் புதைச்சு வச்சிருக்காரு" என்றார் வீரையன். இருவரும் வயலில் இறங்கினார்கள்.

"ஐயா, சாக்கைக் காட்டுங்க" என்றாள் செவ்வந்தி.

"அதுல ஒண்ணுமில்ல. போங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா காலையிலேருந்து தோண்டுறீங்க? நாளையிலேருந்து இது எங்க மண்ணு. உள்ள இருக்கறதும் எங்களதுதான்."

"இன்னிக்கு என் நிலம். உள்ள நடக்காதம்மா, வரப்புல ஏறு."

அந்த அதட்டல் செவ்வந்திக்குத் தாங்கவில்லை. சாக்கைப் பிடுங்கித் தலைகீழாக உதறினாள்.

விழுந்தவை பலகைத் துண்டுகள். கையகலத் துண்டு ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு நாலு அங்குல ஆணி ஒன்று நின்றது. துருப்பிடித்திருந்தும் முனை மழுங்கவில்லை.

முதலில் புரிந்தது வீரையனுக்குத்தான்.

"ரெண்டு வருசம் முந்தி நிலம் கேட்டு நாங்க நாத்துக்கட்டோட இறங்கினோமே, அப்ப வச்சதா இது?"

இராஜாங்கம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இறங்கப் போறீங்கன்னு முத நாளே தகவல் வந்துடுச்சு. கண்ணுமண்ணு தெரியாத ஆத்திரம். வரப்போரமா நானே உக்காந்து நட்டேன். நல்லவேளை, போலீஸ் வந்து கால்மணி நேரத்துல உங்களை விரட்டிவிட்டுடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்புறம் நான் உள்பட யாரும் இறங்கக் கூடாதுன்னு கோர்ட்டு தடை போட்டுடுச்சு. வெளிய சொல்லவும் வெக்கம்."

வீரையன் கை ஓங்கினார். செவ்வந்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

இராஜாங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நட்டது நாப்பது. கெடைச்சது முப்பத்தொம்போது. தண்ணி வந்து சேறாயிட்டா உங்க பொம்பளைங்க வெறுங்காலோட நடவுக்கு இறங்குவாங்க. அந்த ஒண்ணு கெடைக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன். பாய், இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க."

கலந்தர் மெஷினைத் தூக்கினார்.

"வேணாம் பாய். உங்க மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றாள் செவ்வந்தி.

பிறகு இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூலையிலதாங்க நான் இறங்கினேன். போலீசு துரத்துன துரத்துல, ஏதோ வேலிப்பலகைன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லலை. உங்க நாப்பதாவதை அன்னிக்கே என் குதிகால்லேருந்து பிடுங்கியாச்சுங்க ஐயா."