சிறந்த ஊழியர்

நெய்வேலி சுரங்கத்தில் லாரி கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியில் செல்வகுமார் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சிறந்த ஊழியராக எல்லோரும் அவனுக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கலியம்மாள்தான் பலமாகக் கைதட்டினாள்.

மேனேஜர் இளம்பரிதி மைக்கைப் பிடித்தார்.

"ஊழியர்களுக்கு ஊக்கம் முக்கியம். ஜெயிச்சவருக்கு வழக்கமான பரிசுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஊக்கத்தைப் பத்தி நான் தனியா வகுப்பெடுப்பேன்."

செல்வகுமார் கலியம்மாளை முறைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அடுத்த மாசம் சாருக்கே ஓட்டுப் போட்டா என்னக்கா?"

"போட்டுப் பாத்தாச்சு தம்பி. நன்றி சொல்றேன்னு எல்லாரையும் உக்கார வெச்சி, அடுத்த ஷிப்ட் ஆளுங்க வர்ற வரைக்கும் பேசிக்கினே இருந்தாரு."