கம்பெனிச் சாமான்

“அன்னைக்கே சொன்னேன், இது உருப்படாதுன்னு,” என்று அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். அவர் நீட்டியது மேஜைமேல் கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தா, பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற தன் கணவனைப் பார்த்தா என்று தங்கைக்குப் பிடிபடவில்லை.

மணி பத்து முப்பத்தைந்து. பதினொன்றுக்கு அவளுக்குத் தேர்வு. மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு, நாலு வருடம் கழித்து மறுபடி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்டட நிறுவனத்தார் கேட்கிற வரைபடத்தை, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும். செல்போனில் நடக்கிற காரியமில்லை.

வாழ்த்திவிட்டுப் போக வந்த அண்ணன், கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். கடைக்குப் போயிருந்த கணவன் திரும்பியபோது பெட்டி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

அது அவனே கட்டிய கம்ப்யூட்டர். ஆறு மாதம் ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து, இதே கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூட்டியது. அதனாலேயே அண்ணன் அவனுக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர் வைத்திருந்தார். தங்கை தானாக விரும்பித் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை என்பதால் இன்னும் நாலு பெயர்கள் வைத்திருந்தார்; அவற்றை மட்டும் அவள் காதுபடச் சொல்வதில்லை.

அண்ணன் பட்டனை அழுத்தினார். ஒரு முனகல்கூட இல்லை, ஃபேன் அசையவில்லை. ரேமை உருவித் துடைத்து மறுபடி சொருகினார். ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘ச்சு’ கொட்டினார்.

“ஒயரெல்லாம் எவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்காரு பாரு. பொணத்துக்குத் தலை வாரிவிட்ட மாதிரி.”

வெளிச்சம் போதவில்லை என்று மேஜை விளக்கின் சுவிட்சைத் தட்டினார். அதுவும் எரியவில்லை. காலியான ஊறுகாய் ஜாடிக்குள் பல்பைப் பொருத்திக் கணவன் செய்த விளக்கு அது. விளக்கில் வராத வெளிச்சம் அண்ணன் முகத்தில் வந்தது.

“இதுவும் மாப்பிள்ளை கைவண்ணம்தானே? ஜோடியா போய்ச் சேர்ந்திருக்கு.”

“மச்சான், ரெண்டும் ஒண்ணா போயிருக்குன்னா...” என்று கணவன் ஆரம்பித்தான்.

“டார்ச்சை நேரா பிடிங்க. அதையாவது ஒழுங்கா செய்ங்க.”

கை உள்ளே வேலை செய்ய, அண்ணனின் வாய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செருப்பு ஸ்டாண்டு இவன் அடித்தது, திரைச்சீலைக் கம்பி இவன் மாட்டியது. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. இந்த வீட்டில் கம்பெனிச் சாமான் என்று ஒன்று உண்டென்றால், குடிவந்த அன்று அவர் பரிசாகக் கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். அதுவரை இருந்தது, மரப்பலகையில் இவன் பொருத்திய நாலு பிளக் பாயின்ட். ‘என் தங்கச்சி உயிரு எனக்கு முக்கியம்’ என்று அந்தப் பலகையைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியவரும் அவரே.

மணி பத்து நாற்பத்தெட்டு. அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் முந்திக்கொண்டு வந்தது கோபம்தான்.

“ஊர்ல நாலு பேரு மாதிரி கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல? எதை எடுத்தாலும் நானே செய்றேன், நானே செய்றேன்னு...”

அண்ணன் எதிரில் அவள் அவனை அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கணவன் டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனான்.

“ரோஷம் வேற,” என்றார் அண்ணன். கை அழுக்காக இருந்ததால் போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் தன் வழக்கமான கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டார். ரெடிமேடாக ஒரு பெட்டி, பத்து நிமிடத்தில் வர வேண்டும் என்றார்.

கடைக்காரர் எல்லோரிடமும் கேட்பதைத்தான் இவரிடமும் கேட்டார். பிளக் எதில் சொருகியிருக்கிறது? நான் வாங்கிக் கொடுத்த பாக்ஸில்தான், அதில் ஒரு குறையும் இருக்காது என்றார் அண்ணன். அந்த வெள்ளை பாக்ஸா சார் என்று கடைக்காரர் இழுத்தார்.

அதற்குள் கணவன் தூசி படிந்த பலகையோடு வந்து, மேஜைக்கடியில் தவழ்ந்து, பிளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றினான். ஊறுகாய் ஜாடி பளிச்சென்று எரிந்தது. அவன் எழுந்து பட்டனைத் தொட்டதும் ஃபேன் உறுமியது, மானிட்டர் கண் விழித்தது.

பத்து ஐம்பத்தைந்து. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

கணவன் வெளியே தள்ளிய வெள்ளை நிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அண்ணன் பார்த்தார். ஒரு நொடிதான். அடுத்த நொடி போனின் பக்கம் குனிந்து குரலை உயர்த்தினார்.

“என்னய்யா கடை நடத்துறே? என் தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்? நல்ல சரக்கா கொடுக்க வேணாமா?”

ஸ்பீக்கரில் கடைக்காரரின் குரல் மரியாதை குறையாமல் வந்தது.

“சார், அது ரிப்பேர்னு திரும்பி வந்தது, தூக்கிப் போடப்போறேன்னு சொன்னேன், ‘தங்கச்சி வீட்டுக்குத்தானே, இது போதும்’னு நீங்கதானே சும்மா எடுத்துட்டுப் போனீங்க?”